கடைசி வரியில கை வைக்காதீங்க!



குற்றாலத்துல சீசன் நேரம். நீங்க தென்காசிப் பக்கத்து ஆளா இருந்தா இந்தக் காட்சியை நூறு தடவை பார்த்திருப்பீங்க. மேல மலையில மழை கொட்டும். கொஞ்ச நேரத்துல ஐந்தருவியில தண்ணி சீறிக்கிட்டு விழும். போலீஸ் ‘குளிக்கத் தடை’னு கயிறு கட்டிடுவாங்க. உடனே ஆட்டோக்கார அண்ணன் வண்டியை வேற பக்கம் திருப்புவார். எண்ணெய் தேய்க்கிற அண்ணாச்சி ஸ்டூலைத் தூக்கி ஓரமா வைப்பார். பிரானூர் பார்டர் பக்கம் புரோட்டா கடையில இன்னும் ரெண்டு படி மாவு பிசைய ஆரம்பிப்பாங்க. குளிக்க முடியாத கூட்டம் அடுத்து நேரா சாப்பிடத்தானே வரும்!

ஒரு நிமிஷம் யோசிங்க. மழை இவங்கள்ல யாருக்காவது போன் பண்ணிச்சா? இல்லை. மழைக்கு அண்ணாச்சி யாருன்னே தெரியாது. ‘ஐந்தருவியில தண்ணி கூடினா எனக்கு வேலை இருக்கு’னு அவங்கவங்களே கண்ணு வெச்சிருக்காங்க. அவ்வளவுதான் மேட்டர்.

‘கம்ப்யூட்டர் பக்கத்துல எதுக்குப்பா அருவிக் கதை?’ங்கறீங்களா? உங்க லினக்ஸ் மெஷின்ல ஒரு பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ணும்போது உள்ளே நடக்கறது அச்சு அசல் இதேதான். அது தெரியாம நம்ம பசங்க ஒரு தப்பு பண்றாங்க. அந்தத் தப்புக்கு விலை சில சமயம் ஒரு ராத்திரித் தூக்கம், சில சமயம் ஒரு ப்ராஜெக்ட்.

இந்த வரியைப் பார்த்திருக்கீங்களா?

நாளைக்குக் காலையில தமிழ்ல செமினார். ராத்திரி 11 மணி. உபுண்டுவோ டெபியனோ போட்ட லேப்டாப். தமிழ் எழுத்து சரியா தெரியலைன்னு, ரெட் ஹாட் நிறுவனம் இலவசமா வெளியிட்ட ‘லோஹித் தமிழ்’ ஃபான்ட் பேக்கேஜை இன்ஸ்டால் பண்றீங்க. கூடவே வந்து நின்ன அப்டேட்ஸுக்கும் ‘ஓகே’ சொல்லிட்டீங்க. கறுப்பு ஸ்க்ரீன்ல வரி வரியா ஓடுது. ‘அன்பேக்கிங்’... ‘செட்டிங் அப்’... எல்லாம் முடிஞ்ச மாதிரி இருக்கு. அப்போ கடைசியா இப்படி சில வரி வந்து நிக்கும்:

‘ப்ராசஸிங் ட்ரிக்கர்ஸ் ஃபார் ஃபான்ட்கான்ஃபிக்’
‘ப்ராசஸிங் ட்ரிக்கர்ஸ் ஃபார் மேன்-டிபி’
‘ப்ராசஸிங் ட்ரிக்கர்ஸ் ஃபார் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்’

நீங்க கேட்டது ஃபான்ட். ‘யார்றா இந்த மேன்-டிபி? நான் இவனைக் கூப்பிடவே இல்லையே!’னு தோணும். பழைய ஹார்ட் டிஸ்க்கா இருந்தா அந்த வரியிலேயே ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம்னு நிக்கும். ‘ஹேங் ஆயிடுச்சு போல’னு பவர் பட்டனை அமுக்கிப் பிடிக்கிற கை இருக்கு பாருங்க... அந்தக் கையைத்தான் இன்னிக்குப் பிடிச்சு நிறுத்தப் போறோம்!

சொன்னவன் வேற, செய்யறவன் வேற!

டெபியன் குடும்பத்துல பேக்கேஜ் நிறுவுற அடிப்படைக் கருவிக்கு ‘டி.பி.கே.ஜி.’னு பேர். நீங்க அடிக்கிற ‘ஆப்ட்’ கமாண்ட், உள்ளே இவரைத்தான் வேலை வாங்குது.

ஃபான்ட் பேக்கேஜுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு. எழுத்துரு ஃபைலைக் கொண்டுபோய் ஃபான்ட்ஸ் ஃபோல்டர்ல வைக்கணும். வெச்சதும் அது வேலை முடிஞ்சது. ஆனா மெஷின்ல இருக்கிற எல்லா எழுத்துருவுக்கும் ஒரு பட்டியல் இருக்கு. அதைப் புதுப்பிச்சு வெச்சாத்தான் மத்த சாஃப்ட்வேர்கள் புது எழுத்துருவை டக்குனு எடுத்துக்கும். அந்தப் பட்டியல் வேலையில கில்லாடி, ‘ஃபான்ட்கான்ஃபிக்’ங்கற இன்னொரு பேக்கேஜ்.

அவர் முன்னாடியே டி.பி.கே.ஜி.கிட்ட ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து வெச்சிருக்கார். ‘ஃபான்ட்ஸ் ஃபோல்டர்ல யார் கை வெச்சாலும் எனக்குச் சொல்லுங்க’னு. இந்தச் சீட்டுக்கு ‘இன்ட்ரஸ்ட்’னு பேர். அண்ணாச்சி அருவி மேல கண்ணு வெச்ச மாதிரி! ஃபோல்டர்ல மாற்றம் வந்ததும் டி.பி.கே.ஜி. அதைக் குறிச்சு வெச்சுக்குது. பிற்பாடு ஃபான்ட்கான்ஃபிக்கோட ஸ்க்ரிப்டை ‘ட்ரிக்கர்ட்’ங்கற வார்த்தையோட கூப்பிடுது. அவர் எழுந்து வேலையைப் பார்க்கறார். அந்த மேன்-டிபியும் இப்படித்தான். கையேட்டுப் பக்கங்கள் இருக்கிற ஃபோல்டர் மேல அவருக்குக் கண்ணு. கூட வந்த அப்டேட்ஸ்ல ஏதோ ஒண்ணு அந்த ஃபோல்டரைத் தொட்டிருக்கு, அவ்வளவுதான்.

ட்ரிக்கர்ல முக்கியமா ரெண்டு வகை. ஒண்ணு, இப்போ பார்த்த மாதிரி ஃபோல்டரை வெச்சு நடக்கறது. இன்னொண்ணு, பேர் சொல்லிக் கூப்பிடறது. உதாரணத்துக்கு, ஒரு லைப்ரரி பேக்கேஜ் வந்தா ‘எல்டிகான்ஃபிக்’னு ஒரு பேரைச் சொல்லிக் குரல் கொடுக்கும். அந்தப் பேர் மேல இன்ட்ரஸ்ட் வெச்சிருக்கிற ‘லிப்சி-பின்’ பேக்கேஜ் வந்து லைப்ரரி பட்டியலைச் சரி பண்ணும்.

ஏன் கடைசியில?

கல்யாண வீட்டுப் பந்தியை நினைச்சுக்கோங்க. ஒவ்வொருத்தர் சாப்பிட்டு எழுந்ததும் மண்டபத்தையே கழுவி விடுவாங்களா? கடைசிப் பந்தி முடியட்டும்னு விட்டு, ஒரே கழுவாக் கழுவுவாங்க. ட்ரிக்கரும் அப்படித்தான். நீங்க 10 ஃபான்ட் பேக்கேஜ் ஒண்ணா போட்டாலும் பொதுவா பட்டியல் புதுப்பிக்கிற வேலை கடைசியில ஒரே தடவைதான் நடக்கும்.

முன்னாடி இப்படி இல்லை. பல பேக்கேஜ்கள் தன்னோட ஸ்க்ரிப்டுலயே அடுத்தவன் வேலைக்கும் ஒரு வரி எழுதி வெச்சிருக்கும். பத்து வந்தா பத்து தடவை ஓடும். யாராவது ஒருத்தர் அந்த வரியை எழுத மறந்தா? பட்டியல் பழசாவே நிக்கும். மெதுவான மெஷின் வெச்சிருக்கிறவங்க பாடு திண்டாட்டம்!

இதை மாத்தினவர் இயான் ஜாக்சன். 1994-ல டி.பி.கே.ஜி.யை சி மொழியில திருப்பி எழுதினவர், 1998-ல டெபியன் திட்டத்துக்குத் தலைவரா இருந்தவர். உபுண்டுவைத் தயாரிக்கிற கனோனிக்கல் நிறுவனத்துக்காக 2007-ல இந்த ட்ரிக்கர் ஏற்பாட்டை வடிவமைச்சார். 2009 பிப்ரவரியில வெளியான டெபியன் 5.0-ல அது உள்ளே வந்துடுச்சு. மத்தவங்களும் இதே ரூட்டுக்குத்தான் வந்தாங்க. ஆர்ச் லினக்ஸோட பேக்மேன்ல ‘ஹுக்ஸ்’ங்கற பேர்ல 2016 ஜனவரியில வந்தது. ஃபெடோரா பயன்படுத்தற ஆர்.பி.எம்.ல ட்ரிக்கர் முன்னாடியே இருந்தாலும், ஃபைலை வெச்சு நடக்கற ட்ரிக்கர் அதே 2016-ல 4.13 வெர்ஷன்லதான் வந்தது.

‘இதெல்லாம் நமக்கு எங்கே?’னு கேட்காதீங்க. சென்னையில இருக்கிற சி-டாக் உருவாக்கின ‘பாஸ்’ லினக்ஸ், டெபியன் மேல கட்டினது. 2011-ல தொடங்கின தமிழ்நாடு அரசோட இலவச லேப்டாப் திட்டத்துல வந்த பல மெஷின்கள்ல விண்டோஸ் கூடவே இந்த பாஸும் இருந்தது. உங்க அண்ணனோ அக்காவோ வாங்கின அந்த லேப்டாப் இன்னும் பரண்ல கிடந்தா எடுத்துப் பாருங்க. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு இறங்கினா, கேரளத்துப் பள்ளிக்கூட கம்ப்யூட்டர்கள்ல உபுண்டு மேல கட்டின லினக்ஸ் ஓடுது. மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே டி.பி.கே.ஜி.தான்!

நோ ட்யூ ஃபார்ம் தெரியும்தானே?

இப்போ கொஞ்சம் கவனமா படிங்க. இன்டர்வியூவில கேட்டா கைகொடுக்கிற பாயின்ட் இது.

ஒவ்வொரு பேக்கேஜுக்கும் டி.பி.கே.ஜி. ஒரு நிலை எழுதி வைக்கும். ‘இன்ஸ்டால்ட்’னா எல்லாம் முடிஞ்சது. ‘அன்பேக்ட்’னா பெட்டியைப் பிரிச்சாச்சு, இன்னும் அடுக்கலை. ‘ஹாஃப்-கான்ஃபிகர்ட்’னா அடுக்க ஆரம்பிச்சு பாதியில நிக்குது. ட்ரிக்கருக்குன்னே இன்னும் ரெண்டு நிலை உண்டு.

காலேஜை விட்டுப் போகும்போது டி.சி. வாங்க நோ ட்யூ ஃபார்ம் எடுத்துக்கிட்டு அலைவீங்கல்ல? லைப்ரரியன் கையெழுத்து வர்ற வரைக்கும் உங்க டி.சி. நிக்கும். நீங்க இருக்கிற அந்த நிலைதான் ‘ட்ரிக்கர்ஸ்-அவெய்ட்டட்’. அடுத்தவர் வேலை முடியறதுக்காகக் காத்திருக்கிற பேக்கேஜ். லைப்ரரியன் மேஜையில ஃபார்ம் குவிஞ்சு கிடக்கு பாருங்க, அவர் நிலை ‘ட்ரிக்கர்ஸ்-பெண்டிங்’. வேலை பாக்கி இருக்கு, ஆனா லைப்ரரி தன்பாட்டுக்கு நடந்துக்கிட்டு இருக்கு.

இதனால ஒரு வித்தியாசம் வரும். ‘பெண்டிங்’ல இருக்கிற பேக்கேஜை நம்பி இன்னொரு பேக்கேஜ் வேலை பார்க்கலாம். ‘அவெய்ட்டட்’ல இருக்கிறதை நம்ப முடியாது. டி.சி. கையில வராம அடுத்த காலேஜ்ல சேர முடியுமா? அதே கதை.

‘அதெல்லாம் எனக்காக யாரும் காத்திருக்க வேண்டாம், நான் பிற்பாடு பார்த்துக்கறேன்’னு சொல்ற ட்ரிக்கரும் உண்டு. அதுக்கு ‘நோஅவெய்ட்’னு பேர். அந்த எல்டிகான்ஃபிக் சமாச்சாரத்துக்கு லைப்ரரி பேக்கேஜ்கள் இந்த வகையைத்தான் பயன்படுத்தணும்னு டெபியன் விதியே இருக்கு.

பாதியில கரண்ட் போச்சா?

சீசன் காத்துல எங்கேயாவது மரக்கிளை விழுந்து கரண்ட் போறது நம்ம ஊருக்குப் புதுசா? டெஸ்க்டாப்புல யு.பி.எஸ். இல்லை, லேப்டாப்புல பேட்டரி செத்துப் போச்சு. இன்ஸ்டால் நடுவுல மெஷின் டப்புனு அணைஞ்சது. இப்போ என்ன பண்ணணும்?

முதல்ல, பதறாதீங்க. ஓ.எஸ்.ஸை அழிச்சுட்டுப் புதுசா போடறேன்னு பென் டிரைவைத் தேடாதீங்க. உள்ளே உங்க ப்ராஜெக்ட் இருக்கு. எந்தப் பேக்கேஜ் எந்த நிலையில நின்னுதுன்னு டி.பி.கே.ஜி. எழுதி வெச்சிருக்கு. அந்தக் கணக்குதான் உங்க உயிர்நாடி.

1. மெஷின் ஆன் ஆனதும் டெர்மினலைத் திறந்து ‘சூடோ டி.பி.கே.ஜி.’ அடிச்சு, ரெண்டு ஹைஃபன் போட்டு ‘ஆடிட்’னு அடிங்க. பாதியில நிக்கிற பேக்கேஜ்களோட லிஸ்ட் வரும்.

2. அடுத்து, ‘சூடோ டி.பி.கே.ஜி.’ அடிச்சு, ரெண்டு ஹைஃபன் போட்டு ‘கன்ஃபிகர்’, ஒரு இடைவெளி, ஒரு ஹைஃபன் போட்டு சின்ன ‘ஏ’. ‘அடுக்காம நிக்கிறது, ட்ரிக்கர் பாக்கி இருக்கிறது எல்லாத்தையும் முடி’னு அர்த்தம். பெரும்பாலும் இதுலயே சரியாயிடும்.

3. அதுக்கும் மசியலைன்னா ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால்’ போட்டு, ஒரு ஹைஃபன், சின்ன ‘எஃப்’. விட்டுப்போன துணைப் பேக்கேஜ்களை இழுத்து வந்து சேர்க்கும்.

மெஷின் பூட்டே ஆகலையா? அதுக்குத்தான் அந்த இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் பத்தித் தெரிஞ்சுக்கணும். கெர்னல் எழுந்ததும் ஹார்ட் டிஸ்க்கைக் கண்டுபிடிக்க உதவற ஒரு சின்ன மூட்டை அது. உபுண்டுவில புது கெர்னல் வந்தா இந்த மூட்டை கட்டற வேலை கடைசி ட்ரிக்கர் நேரத்துலதான் நடக்கும். அங்கே வெட்டிட்டா, புது கெர்னலுக்கு மூட்டை ரெடியா இல்லாம மெஷின் கறுப்பு ஸ்க்ரீன்ல நிக்க வாய்ப்பு இருக்கு. அப்போ மறுபடி ஆன் பண்ணி, ‘க்ரப்’ மெனுவில ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே போங்க. பழைய கெர்னல் சமர்த்தா உட்கார்ந்திருக்கும். அதுல நுழைஞ்சு, மேலே சொன்ன 2-ம் நம்பர் வேலையைப் பண்ணுங்க.

ஒரு எச்சரிக்கை. ‘லாக் கிடைக்கலை’னு எர்ரர் வந்தா, அந்த லாக் ஃபைலை அழிச்சிடுன்னு ஹாஸ்டல்ல ஒரு சீனியர் கண்டிப்பா அட்வைஸ் பண்ணுவார். கேட்காதீங்க! பின்னணியில தானா அப்டேட் ஓடிக்கிட்டு இருக்கலாம். ஒரே நோட்டுல ரெண்டு பேர் ஒரே நேரத்துல கணக்கு எழுதினா எப்படி இருக்கும்? அதுதான் நடக்கும். கொஞ்ச நேரம் பொறுங்க, அது முடியட்டும்.

முயலும் ஆமையும்!

ஒரு சந்தேகம் வரணுமே உங்களுக்கு? ‘அவன் இவனை எழுப்பி, இவன் அவனை எழுப்பி, ரெண்டு பேரும் மாத்தி மாத்தி எழுப்பிக்கிட்டே இருந்தா?’

சபாஷ்! அதுக்கு ‘ட்ரிக்கர் சைக்கிள்’னு பேர். அப்படியே விட்டா இன்ஸ்டால் முடியவே முடியாது. அதைக் கண்டுபிடிக்க டி.பி.கே.ஜி.க்குள்ளே ஒரு முயலும் ஒரு ஆமையும் ஓடுது. நிஜமாத்தான்! சோர்ஸ் கோடுலயே அந்தப் பேர்கள்தான். முயல் ஒவ்வொரு படியா முன்னாடி போகும். ஆமை ரெண்டு படிக்கு ஒரு படி. ஆமை நிக்கிற இடத்துல பாக்கியா இருந்த வேலையெல்லாம், முயல் நிக்கிற இடத்துலயும் அப்படியே பாக்கியா இருந்தா, ‘டேய், நாம சுத்திக்கிட்டே இருக்கோம்’னு புரிஞ்சுடும். உடனே ஒரு பேக்கேஜைப் பிடிச்சு ‘ஹாஃப்-கான்ஃபிகர்ட்’னு ஓரமா நிறுத்திட்டு, எர்ரர் சொல்லும். லூப் இருக்கிற லிங்க்டு லிஸ்ட்டைக் கண்டுபிடின்னு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ்ல படிச்சு மறந்தீங்களே... இதோ, கோடிக்கணக்கான மெஷின்ல ஓடுது!

கண்ணை மூடிக்கிட்டு ‘யெஸ்’ அடிக்காதீங்க

இன்னொரு முக்கியமான விஷயம். இந்த இன்ஸ்டால் ஸ்க்ரிப்ட், ட்ரிக்கர் ஸ்க்ரிப்ட் எல்லாமே ‘ரூட்’ அதிகாரத்துல ஓடுது. வீட்டுச் சாவிக்கொத்தையே கையில கொடுத்த மாதிரி. டெபியன், உபுண்டுவோட சொந்தக் களஞ்சியத்துல இருந்து வந்தா பரவாயில்லை. யாரோ டெலிகிராம் க்ரூப்ல போட்ட ‘டெப்’ ஃபைலை ‘சூடோ’ போட்டு இன்ஸ்டால் பண்ணினா, உள்ளே என்ன ஓடுச்சுன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது.

பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க. ஜாவாஸ்க்ரிப்ட் உலகத்துல என்.பி.எம். பேக்கேஜ்களுக்கும் இன்ஸ்டால் ஆகும்போது தானா ஓடற ஸ்க்ரிப்ட் உண்டு. 2025 செப்டம்பர்ல ‘ஷாய்-ஹுலுட்’னு பேர் வெச்ச ஒரு வார்ம் அந்த வழியாத்தான் புகுந்து, டெவலப்பர்களோட ரகசியச் சாவிகளைத் திருடி, நூற்றுக்கணக்கான பேக்கேஜ்களுக்குப் பரவுச்சு. தானா நடக்கிற வேலை எவ்வளவு வசதியோ, அவ்வளவு ஆபத்து. கொடுக்கிறவன் யாருன்னு பார்த்துட்டு ‘யெஸ்’ அடிங்க.

சென்னைக்கு பஸ் ஏறாமலே...

‘இதெல்லாம் பெரிய ஊர் பசங்க சமாச்சாரம்’னு நம்ம பசங்க ஒதுங்கறதுதான் வருத்தமா இருக்கு. 2011-லேயே ஜோஹோ நிறுவனம் தென்காசி பக்கத்துல மத்தளம்பாறையில ஆபீஸ் போட்டாச்சு. வயக்காட்டைப் பார்த்துக்கிட்டே உலகத்துக்கு சாஃப்ட்வேர் எழுதலாம்னு நம்ம ஊரே காட்டிடுச்சு. டெபியனுக்கு அந்த ஆபீஸ்கூட தேவையில்லை. உலகம் முழுக்க தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தற திட்டம் அது. அவங்களோட வருஷாந்திர மாநாடு இந்தியாவுல முதல் தடவையா நடந்தது எங்கே தெரியுமா? டெல்லி இல்லை, பெங்களூரும் இல்லை. 2023 செப்டம்பர்ல, நம்ம மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கொச்சியில!

தமிழுக்கு அங்கே வேலை நிறைய இருக்கு. எழுத்துரு, விசைப்பலகை, எழுத்துப்பிழை திருத்தி எல்லாமே பேக்கேஜ்களாத்தான் வருது. அதுல ஒண்ணு சரியா இல்லைன்னா, அதைக் கண்டுபிடிச்சுச் சொல்ல நம்மளை விடத் தகுதியான ஆள் யாரு? நீங்க உருவாக்கற ஃபான்ட் பேக்கேஜுக்கு ட்ரிக்கர் வரி ஒண்ணுகூட எழுத வேண்டாம். ஃபைலைச் சரியான ஃபோல்டர்ல வையுங்க. மீதியை ஃபான்ட்கான்ஃபிக் அண்ணாச்சி பார்த்துப்பார்!

இந்த வார ஹோம்வொர்க்

உங்க லினக்ஸ் மெஷின்ல ‘வார்’, அதுக்குள்ளே ‘லிப்’, அதுக்குள்ளே ‘டி.பி.கே.ஜி.’, அதுக்குள்ளே ‘ட்ரிக்கர்ஸ்’ ஃபோல்டருக்குப் போங்க. அங்கே ‘ஃபைல்’னே பேர் வெச்ச ஒரு ஃபைல் இருக்கும். திறந்து படிச்சா, எந்த ஃபோல்டர் மேல எந்தப் பேக்கேஜ் கண்ணு வெச்சிருக்குன்னு வரிசையா தெரியும். படிக்க மட்டும்தான், திருத்தக் கூடாது! அப்புறம் ‘வார்’ கீழே ‘லாக்’ ஃபோல்டர்ல இருக்கிற டி.பி.கே.ஜி. லாக்ல டி, ஆர், ஐ, ஜி, பி, ஆர், ஓ, சி... இந்த எட்டு எழுத்தைச் சேர்த்துத் தேடுங்க. போன தடவை நீங்க இன்ஸ்டால் பண்ணினப்போ யார் யார் எழுந்து வந்து வேலை பார்த்தாங்கன்னு தேதி, நேரத்தோட இருக்கும்.

உங்க மெஷின்ல அதிகமா எழுந்திரிக்கிறவர் யாரு? எண்ணிப் பார்த்து வைங்க. அடுத்த தடவை அந்தக் கடைசி வரி வந்து நிக்கும்போது பவர் பட்டன் பக்கம் கை போகாம, எழுந்து போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. வர்றதுக்குள்ள முடிஞ்சிருக்கும்!

அடுத்த வாரம் பார்ப்போம்... பை!